கிரிப்டோகொரைன் ஏன் கரைகிறது? திருகோணமலைக் கிணற்று நீரில் செடித்தொட்டி

மீன்தொட்டியில் நீர்ச்செடி வளர்க்கும் ஒருவர், திருகோணமலை உப்புவெளியிலிருந்து கேட்ட கேள்வி இது: "இரண்டரை அடி நீளம், ஓரடி அகலம், 15 அங்குல உயரத் தொட்டி. வைத்து ஐந்து மாதம். அடியில் கடற்கரை மணலைப் பலமுறை கழுவிப் போட்டோம். கிணற்று நீர்தான். குறையும் நீரை அன்றன்று ஊற்றி நிரப்புகிறோம், மாதம் ஒருமுறை கால்வாசி மாற்றுகிறோம். விளக்கு காலை 7 முதல் இரவு 7 வரை. வாலிஸ்நேரியா மட்டும் காடாக வளர்கிறது. கிரிப்டோகொரைன் கூழாகிக் கரைந்துவிட்டது. மற்றவற்றின் புது இலைகள் வெளிறுகின்றன, பழைய இலைகளின் ஓரத்தில் கறுப்பு மயிர்போலப் பாசி. நியோன் டெட்ரா மீன்கள் எட்டில் ஐந்து செத்துவிட்டன. செடிக்குக் காபன் கொடுக்கக் காபனீரொட்சைட்டு சிலிண்டர் பூட்டச் சொல்கிறார்கள். பூட்டலாமா? தொட்டியை எப்படி அழகாக்குவது?"

சிலிண்டரை இப்போது வாங்க வேண்டாம். உங்கள் தொட்டியில் குறைவாக இருப்பது வாயு அல்ல, கூடிப்போயிருப்பது சுண்ணாம்பு. அது மணலிலிருந்தும் வருகிறது, நீரிலிருந்தும் வருகிறது. வாலிஸ்நேரியா மட்டும் செழிப்பதே அதற்குச் சாட்சி. சுண்ணாம்பு மிகுந்த கடின நீரில் கரைந்திருக்கும் இருகாபனேற்றிலிருந்து காபனை உறிஞ்சத் தெரிந்த செடி அது. கிரிப்டோகொரைனுக்கு அந்த வசதி இல்லை.

முதலில் மணலைச் சோதியுங்கள். ஒரு கரண்டி மணலைக் காயவைத்து வெள்ளைக் கோப்பையில் போட்டு, நாலைந்து துளி வினாகிரி விடுங்கள். தேசிக்காய்ப் புளியும் போதும். காதருகே பிடித்தால் மெல்லிய சீறல் கேட்கும், மணியிடையே நுண்ணிய குமிழிகள் எழும். சிப்பி, சங்கு, பவளத் துணுக்குகளின் கல்சியம் காபனேற்று கரைகிற அடையாளம் அது. எத்தனை முறை கழுவினாலும் உப்புத்தான் போகும், சிப்பி போகாது. தொட்டிக்குள் அது மாதக்கணக்கில் கரைந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது நீர். கண்ணாடியின் மேல்விளிம்பில், நீர்மட்டம் இறங்கி ஏறும் இடத்தில் வெள்ளைக் கோடு படிந்திருக்கிறதா பாருங்கள். ஆவியாகிப் போவது தூய நீர், சுண்ணாம்பும் உப்பும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. உங்கள் தொட்டியின் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 0.23 சதுர மீற்றர். கச்சான் காற்று வீசும் நாட்களில் ஒரு நாளைக்கு 4 மில்லிமீற்றர் குறைந்தாலே ஏறத்தாழ 0.9 லீற்றர், மாதத்துக்கு 28 லீற்றர். மணல், கல் போக உங்கள் தொட்டியில் உள்ள நீர் 70 லீற்றர்தான். அந்த 28 லீற்றரையும் கிணற்று நீரால் நிரப்பி, மாதம் ஒருமுறை மட்டும் கால்வாசி மாற்றினால், மூன்றாம் மாதக் கடைசியில் தொட்டி நீரின் கடினம் கிணற்றிலிருப்பதைப்போல இரண்டு மடங்கை நெருங்கிவிடும். இது வெறும் பெருக்கல் கணக்கு, மணல் விடுகிற சுண்ணாம்பைச் சேர்க்கவே இல்லை.

புது இலை வெளிறுவதும் இதனால்தான். அமில, கார அளவான பி.எச். 8ஐத் தொடும் கடின நீரில் இரும்பு கரைந்த நிலையில் நிற்காது, துருவாகப் படிந்துவிடும். நரம்பு பச்சையாகவும் இடையே மஞ்சளாகவும் புதுத்தளிர் வந்தால் இரும்புக் குறை. பழைய இலையில் ஊசித்துளைகள் விழுந்தால் பொற்றாசியக் குறை. பழைய இலை முழுவதும் மஞ்சளானால் நைதரசன் குறை. மருந்து ஊற்றுமுன் எந்த இலையில் குறி தெரிகிறது என்று பாருங்கள்.

இனி வேலை. கட்டடத்துக்கு விற்கும் ஆற்று மணலை வாங்குங்கள். அதையும் வினாகிரியில் சோதித்தே எடுங்கள், கழிமுகத்தை அண்டிய மணலில் சிப்பி கலந்திருக்கலாம். நுளம்பு வலையில் அரித்துத் தூளை விட்டுவிட்டு, மேலே தங்கும் பருமணலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நைஸ் மணல் இறுகி வேரை மூச்சடைக்கும். நீர் தெளியும்வரை கழுவுங்கள். முன்பக்கம் 4, பின்பக்கம் 8 சென்ரிமீற்றர் வரும்படி சரிவாகப் போட்டால் இந்தத் தொட்டிக்கு ஏறத்தாழ 22 கிலோ பிடிக்கும்.

மணல் மாற்றும் நாளில் பழைய நீரில் மூன்றில் இரண்டு பங்கைச் சுத்தமான வாளிகளில் எடுத்து வையுங்கள். மீன்களையும், ஓடிக்கொண்டிருக்கும் பில்டரையும் அந்த வாளியிலேயே விடுங்கள். பில்டரை நிறுத்திக் கரையில் வைத்தால் மீன் கழிவின் அமோனியாவை மாற்றும் பற்றீரியா சில மணி நேரத்தில் சாகத் தொடங்கும், பிறகு அமோனியா ஏறும். இங்கே அமோனியா மற்ற இடங்களைவிடக் கொடியது. 30 பாகை வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் அமோனியாவில் நச்சு வடிவம் 100இல் 1 பங்குக்கும் குறைவு. அதே வெப்பத்தில் பி.எச். 8 ஆனால் 7 பங்கு. யூரியாவோ வயலுக்கு இடும் கலப்புப் பசளையோ தொட்டிக்குள் போகவே கூடாது என்பதும் இதனால்தான்.

வேர்ப்பசளைக்குக் களிமண் போதும். பசளையோ பூச்சிமருந்தோ படாத களிமண்ணைப் பிசைந்து, போளை அளவு உருண்டைகளாக நிழலில் காயவையுங்கள். ஒவ்வொரு கிரிப்டோகொரைன் வேரடியிலும் ஒன்றை ஆழமாக அழுத்திவிடுங்கள். மணலடியில் ஒட்சிசன் குறைவான இடத்தில் களிமண்ணின் இரும்பு மெல்லக் கரைந்து வேருக்குக் கிடைக்கும், மேலுள்ள நீரின் பி.எச். அதைத் தடுக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது உருண்டை. பொற்றாசியத்துக்கு, பொற்றாசியம் சல்பேற்று 1.5 கிராமைக் கரைத்து ஊற்றினால் 70 லீற்றரில் லீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவுக்கு வரும். ஊசித்துளை தெரிந்தால் மட்டும் கொடுங்கள்.

நீருக்குத் தீர்வு உங்கள் கூரையில் இருக்கிறது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடை மழையைப் பிடித்து வையுங்கள். முதல் மழையை விட்டுவிடுங்கள், அதில் தூசியும் காக்கை எச்சமும் கடலுப்பும் கரைந்து வரும். ஓட்டுக் கூரை நல்லது. துத்தநாகத் தகரக் கூரை நீர் வேண்டாம். பரலை மூடி, நுளம்பு வலை கட்டிவிடுங்கள், டெங்கு வீட்டுக்கு வரக்கூடாது. ஆவியாகும் நீரை நிரப்ப மட்டும் என்றால் கிழமைக்கு 7 லீற்றர் போதும், 200 லீற்றர்ப் பரல் ஒன்று 28 கிழமைக்கு வரும். மாற்றும் நீரிலும் பாதி மழைநீராக இருக்க இரண்டாவது, மூன்றாவது பரலும் தேவை. மழைக்கு இன்னும் நாளிருந்தால் உப்பு நீக்கி வடித்த ஆர்.ஓ. நீரை விலைக்கு வாங்கலாம். நிரப்புவதற்கு மழைநீர் மட்டும், மாற்றுவதற்குப் பாதிக்குப் பாதி, மாற்றுவது கிழமைக்கு 17 லீற்றர். இந்த மூன்றையும் விடாமல் செய்யுங்கள். நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் மலிவான ரீ.டீ.எஸ். மீற்றர் ஒன்று வாங்கி, தொட்டி நீரை 200க்கும் 300க்கும் இடையே நிறுத்தப் பாருங்கள். கிணறே 1000ஐத் தாண்டினால் கடலுப்பு கலந்திருக்கலாம், அந்த நீர் செடித்தொட்டிக்கு ஆகாது.

அவசரப்பட்டு ஒரே நாளில் மென்மையாக்காதீர்கள். பழகிய மீனுக்கு அது அதிர்ச்சி. மூன்று நாளுக்கு ஒருமுறை பத்திலொரு பங்காக இறக்குங்கள்.

கிரிப்டோகொரைனைப் பிடுங்கி எறிந்துவிட்டீர்களா? எறியாவிட்டால் நல்லது. நீரின் தன்மை மாறினாலோ இடம் மாறினாலோ அது இலையைக் கரைத்துவிடும், கிழங்கு உயிரோடு இருக்கும். கூழான இலையைக் கிள்ளி எடுத்துவிட்டு விடுங்கள். மூன்று நான்கு கிழமையில் நடுவிலிருந்து கூரிய தளிர் எட்டிப் பார்க்கும். கடைகளில் அதிகம் கிடைக்கும் கிரிப்டோகொரைன் வகைகளான வெண்ட்டி, பெக்கெட்டி இரண்டும் இலங்கைக்கே உரியவை. அதற்காக ஓடையில் போய்ப் பிடுங்க வேண்டாம், நாற்றில் வளர்த்ததை வாங்குங்கள்.

கறுப்புப் பாசி சிவப்புப் பாசி இனம் என்பதை உறுதிசெய்ய, ஓர் இலைத் துண்டை ஸ்பிரிட்டில் அரை மணி நேரம் போடுங்கள். பச்சையம் கரைந்து மயிர் செந்நிறமாகத் தெரியும். மோசமான இலைகளை வெட்டிவிடுங்கள். மிஞ்சியதற்கு பாமசியில் கிடைக்கும் 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டு, முழுத் தொட்டிக்கும் சேர்த்து 15 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம். போத்தலில் 6 சதவீதம் என்றிருந்தால் பாதி. பில்டரை நிறுத்தி, சிரிஞ்சால் பாசியின்மேல் மெதுவாக விட்டு, 10 நிமிடத்தில் பில்டரைப் போடுங்கள். வாலிஸ்நேரியாவில் படாமல் பாருங்கள், அதன் இலை வெந்துவிடும். சில நாளில் பாசி இளஞ்சிவப்பாகி உதிரும். விளக்கு நேரத்தைக் குறைக்காவிட்டால் திரும்ப வரும். பிற்பகல் 2 முதல் இரவு 9 வரை, ஏழு மணி நேரம் போதும். 15 முதல் 18 வாட் எல்.ஈ.டி. இந்த அளவுக்குச் சரி.

வெப்பம் 31, 32 பாகைக்குப் போகும் நாட்களில் நீரில் கரையும் ஒட்சிசனே லீற்றருக்கு 7.3 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் காபனீரொட்சைட்டையும் செலுத்தினால் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். நீர்ப்பரப்பின்மேல் காற்றைச் சாய்வாக வீசும் 12 வோல்ட் கணினி விசிறி ஒன்று இரண்டு மூன்று பாகையைக் குறைக்கும். ஆவியாதல் கூடும், ஆகவே மழைநீர் கையில் இருக்கவேண்டும். நியோன் டெட்ரா குளிர்ந்த, மென்மையான நீருக்கானது, இனி வாங்காதீர்கள். அதற்குப் பதிலாகக் கப்பி மீன் விடலாம்.

அழகுக்கு வருவோம். பெரிய கருங்கல் ஒன்றை நடுவில் வைக்காமல், நீளத்தின் மூன்றிலொரு பங்கில், அடியிலிருந்து சற்றுச் சாய்த்துப் புதையுங்கள். அதன் சரிவைத் தொடரும்படி சிறிய கற்கள் இரண்டு, ஒரே வகைக் கல்லாக. கடற்கரையில் ஒதுங்கும் மரக்கட்டை உப்பூறியது, வேண்டாம். பின்னால் வாலிஸ்நேரியாவை ஒரு மூலையில் மட்டும் நிறுத்துங்கள், ஓடும் வேர்களை மாதம் ஒருமுறை அறுத்தால்தான் அடங்கும். மறுமூலையில் நீர்ப்பிரம்மி, கடினத்தையும் வெப்பத்தையும் தாங்கும். கல்லின் நிழலில் வெண்ட்டி ஐந்து கன்று. கொட்டி இனத்து அப்போனோகெட்டன் கிறிஸ்பஸ் ஒன்று நடுவே நட்டால் அலையலையான இலை எழும். அது ஆண்டில் சில மாதம் இலை உதிர்த்து உறங்கும். செத்துவிட்டது என்று கிழங்கைத் தோண்டாதீர்கள். முன்னால் ஒரு கையகல மணலை வெறுமையாக விடுங்கள். வெட்டிய செடிகள் வாய்க்காலுக்கோ குளத்துக்கோ போகக்கூடாது, வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.

ஆறு கிழமை கழித்து ரீ.டீ.எஸ். அளவையும் புதுத்தளிரின் நிறத்தையும் குறித்து அனுப்புங்கள். அளவு இறங்கியும் தளிர் வெளிறியே இருந்தால் மட்டும் திரவ இரும்பு தேவைப்படும். இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் சேர்மங்களில் டி.டி.பி.ஏ. வகை என்று கேட்டு வாங்குங்கள், ஈ.டி.டி.ஏ. வகை உங்கள் பி.எச்.இல் நிற்காது.