சுழியம் ஆகவில்லை என்றால்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு இரண்டு ஆண்டுகளாகச் சிறு சிறு பேட்ச்கள், அதாவது நிரல் மாற்றங்கள், அனுப்பிவருகிறேன். போன மாதம் ஒரு நெட்வொர்க் கார்டுக்கான புதிய டிரைவர் (அந்த வன்பொருளை இயக்கும் நிரல்), 14 பேட்ச்களாக ரிவ்யூவுக்கு வந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். கமென்ட்களில் எழுத்துப்பிழை, மாறிகளுக்கு வைத்த பெயர் என்று ஏழெட்டுக் குறிப்புகள் எழுதினேன். கார்டை ரீசெட் செய்யும் இடத்தில், அது முடியும்வரை திரும்பத் திரும்பச் சுற்றும் ஒரு காத்திருப்பு லூப்புக்கு எல்லையே இல்லை. அது உறுத்தியது. ஆனால் எழுதியவர் அந்தக் கார்டைத் தயாரிக்கும் நிறுவனத்திலேயே வேலை செய்பவர். கார்டு அவர் மேசையில் இருக்கிறது, என்னிடம் இல்லை. அவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

வன்பொருள் கையில் இல்லாதவன், படித்துப் பார்த்தேன் என்று பெயர் போடும் ரிவ்யூட்-பை வரியைக் கொடுக்கலாமா? அது பொய்ச்சாட்சி ஆகாதா? பேட்ச்களை ஏற்பதா என்று முடிவு செய்யும் மெயின்டெய்னர்கள் கடுமையாகப் பேசுவார்கள் என்கிறார்கள், அந்தப் பயமும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே ரிவ்யூ செய்யும் காலத்தில் என்னைப் போன்றவன் படித்து என்ன ஆகப்போகிறது?

க.

அன்புள்ள க.,

"உறுத்தியது", "விட்டுவிட்டேன்" என்று அடுத்தடுத்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விகளைவிட இந்த இரண்டு சொற்கள்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தன. சில வாரங்களாக நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய மின்னஞ்சல்களை ஒழுங்குபடுத்தும்போது பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ரிவ்யூ கண்ணில் பட்டது. அதற்கு வருகிறேன்.

சில்லறைகளை முதலில் முடித்துவிடுவோம். மெயின்டெய்னர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். காரணம் இருந்தால் திருத்துங்கள், இல்லையென்றால் மறந்துவிடுங்கள். அதற்கு மேல் அந்தப் பயத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம். கருவிகள் எத்தனை வேண்டுமானாலும் வரட்டும். ஸ்பார்ஸ், ஸ்மாட்ச், காக்சினெல் எல்லாம் பல ஆண்டுகளாகப் பிழை பிடித்துத் தருகின்றன, அவற்றை ஓட்டாமல் ரிவ்யூ செய்வது சோம்பல். ஆனால் உங்கள் கண்ணில் பட்டதை நீங்கள் சொல்லாமல் விட்டதற்கு எந்தக் கருவியும் பொறுப்பேற்காது. இடைவெளி, வரி நீளம் எல்லாம் செக்பேட்ச் என்ற ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். எழுத்துப்பிழையும் திருத்தப்பட வேண்டியதுதான், ஆனால் ஒரு வாரத்தை அதற்குக் கொடுத்திருக்கிறீர்களே!

பொய்ச்சாட்சி என்ற பெரிய சொல்லை எடுக்கும் முன் கெர்னலோடு வரும் ஆவணத்தைப் படித்திருக்க வேண்டாமா? பேட்ச் அனுப்பும் முறையைச் சொல்லும் அதே ஆவணத்தில் ரிவ்யூட்-பை என்றால் என்னவென்று எழுதியிருக்கிறார்கள். இந்த மாற்றம் கெர்னலில் சேரத் தகுதியானதா என்று தொழில்நுட்ப ரீதியாகப் பார்த்தேன். எனக்கிருந்த கேள்விகளையும் கவலைகளையும் அனுப்பியவரிடம் சொன்னேன், அவர் பதில் எனக்கு நிறைவு. மேம்படுத்த இடமிருக்கலாம், ஆனால் சேர்க்கக் கூடாது என்று சொல்லுமளவுக்குத் தெரிந்த குறை இல்லை. சொன்னபடி வேலை செய்யும் என்று உத்தரவாதம் தரவில்லை. இவ்வளவுதான் அதன் பொருள். ஓட்டிப் பார்த்தவர் போடுவது டெஸ்டட்-பை, அது வேறு. கார்டு இல்லாத நீங்கள் ரிவ்யூட்-பை தாராளமாகப் போடலாம். ஆனால் கேள்விகளைச் சொன்னேன் என்று நடுவில் ஒரு வரி வருகிறதே, அதை நீங்கள் செய்யவில்லை. உறுத்தியதை உள்ளே வைத்துக்கொண்டு பெயர் போட்டால், உங்கள் மேசையில் பத்துக் கார்டு இருந்தாலும் அது பொய்ச்சாட்சிதான்.

இப்போது அந்தப் பழைய ரிவ்யூ. பேட்ச் என்னுடையது. மடிக்கணினியின் பக்கவாட்டில் செருகும் எக்ஸ்பிரஸ்கார்டு ஒன்றுக்கான டிரைவர், எட்டு மாத உழைப்பு. அதில் ரீசெட் செய்யும் ஃபங்ஷன் சின்னது. கன்ட்ரோல் ரெஜிஸ்டரில் (கட்டளைகளை எழுத கார்டுக்குள் இருக்கும் சிறு இடம்) ரீசெட் பிட்டை ஒன்றாக எழுது. அது சுழியம் ஆகும்வரை அதே ரெஜிஸ்டரைத் திரும்பத் திரும்பப் படி. ஆனதும் வெளியே வா. ரீசெட் முடிந்ததும் கார்டே அந்தப் பிட்டைச் சுழியமாக்கும், 10 மைக்ரோசெகண்டுக்கு மேல் ஆகாது என்று கார்டின் தொழில்நுட்ப விவரக்குறிப்பான டேட்டாஷீட் சொன்னது. நான் நூறு தடவைக்கு மேல் ஓட்டிப் பார்த்திருந்தேன், ஒருமுறைகூடத் தவறவில்லை.

மூத்தவர் ஒருவர், அந்தக் கார்டைக் கண்ணாலும் பார்த்திராதவர், அந்த லூப்புக்குக் கீழே ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "சுழியம் ஆகவில்லை என்றால்?"

எனக்குச் சுருக்கென்றது. டேட்டாஷீட்டின் பக்க எண்ணைப் போட்டு, நான் சோதித்த கணக்கையும் சேர்த்து, நீளமாகப் பதில் அனுப்பினேன். மறுநாள் அவரிடமிருந்து இரண்டு வரி வந்தது. "டேட்டாஷீட் உயிரோடிருக்கும் கார்டைப் பற்றிப் பேசுகிறது. ஸ்லாட்டில் கார்டே இல்லாதபோது இந்த வரி எதைப் படிக்கும்?"

தெரியவில்லை. அவரிடம் தெரியவில்லை என்று எழுத மனம் வரவில்லை. ரீசெட்டைத் திரும்பத் திரும்பத் தூண்டும் ஒரு ஸ்கிரிப்டை ஓடவிட்டுக் கார்டை வெடுக்கென்று உருவினேன். மவுஸ் அம்பு நின்ற இடத்தில் நின்றது. பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு கடைசித் துணுக்கில் மாட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப ஒலித்தது. சவுண்ட் கார்டு தன் பஃபரைச் சுற்றிச் சுற்றிப் படிக்கிறது, அதில் புதிதாக நிரப்ப வேண்டிய கெர்னல் வரவே இல்லை. பக்கத்துக் கணினியோடு இணைத்திருந்த சீரியல் கன்சோலில், பத்து நொடிக்கும் மேல் கழித்து, ஹார்டு லாக்கப், அதாவது ப்ராசஸரின் ஒரு கோர் அசையாமல் மாட்டிக்கொண்டது, என்ற எச்சரிக்கை விழுந்தது. அதற்குக் கீழே என் ஃபங்ஷனின் பெயர்.

நடந்தது இதுதான். கார்டையும் கணினியையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸில் இல்லாத சாதனத்தின் ரெஜிஸ்டரைப் படித்தால், பெரும்பாலான கணினிகளில் பிழை என்று எதுவும் நிரலுக்கு வந்து சேராது. 32 பிட்டும் ஒன்றாக ஓர் எண் வந்து விழும். அதில் ரீசெட் பிட்டும் ஒன்று. இன்னும் ரீசெட் நடக்கிறது என்று லூப் எடுத்துக்கொள்கிறது. ஒரு நேரத்தில் ஒரு கோர் மட்டுமே வைத்திருக்கக்கூடிய ஸ்பின்லாக் என்ற பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வன்பொருள் குறுக்கிட்டு அழைக்கும் இன்டரப்ட்டை அணைத்துவிட்டு, ஒரு கோர் அங்கேயே சுற்றுகிறது. இன்னொரு கோர் அதே ஸ்பின்லாக்குக்காக நிற்கிறது. கார்டு என் உள்ளங்கையில் இருக்கிறது. அது ரீசெட் ஆகட்டும் என்று டிரைவர் காத்திருக்கிறது.

கார்டை ஒருநாள்கூடத் தொட்டிராதவருக்கு இது தெரிந்திருந்தது. எட்டு மாதம் மேசையில் வைத்திருந்த எனக்குத் தெரியவில்லை. ஏன் தெரியுமா? என் கார்டு எப்போதும் வேலை செய்தது. வேலை செய்யும் கார்டைப் பார்த்துப் பார்த்து, அது செய்வதை மட்டுமே நான் நிரலாக எழுதியிருந்தேன். உங்கள் நெட்வொர்க் கார்டு டிரைவரை எழுதியவரும் அப்படித்தான் எழுதியிருப்பார். அவர் திறமையில் குறை சொல்லவில்லை. அவருக்கு எதிரே கார்டு இருக்கிறது, அதனால்தான் கார்டு இல்லாத ஒருவர் படிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் தாழ்வாக நினைத்துக்கொள்ளும் அந்த இடம்தான் உங்கள் பலம், க. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுத்துப்பிழை தேடப் போயிருக்கிறீர்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்த லூப் விஷயத்தை விட எனக்கு மனமில்லை. இன்று இதற்கென்றே ரீட்எல்-போல்-டைம்அவுட் என்ற மேக்ரோ கெர்னலில் இருக்கிறது. எத்தனை மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை பார்ப்பது, மொத்தம் எவ்வளவு காத்திருப்பது என்று கொடுத்தால் போதும், நேரம் தாண்டினால் பிழை எண்ணோடு திரும்பும். நிரல் தூங்கக் கூடாத, அதாவது கோரை வேறு வேலைக்கு விட்டுக்கொடுக்கக் கூடாத, இடத்துக்கு அதற்கே அட்டாமிக் வடிவம் உண்டு. மேக்ரோவைப் போட்டதோடு வேலை தீரவில்லை. அழைத்த இடத்தில் அந்தப் பிழை எண்ணை யாராவது பார்க்கிறார்களா? பார்த்து என்ன செய்கிறார்கள்?

டிஎம்ஏவை, அதாவது கார்டு தானே நினைவகத்தைப் படித்து எழுதுவதை, நிறுத்தச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் லூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் தாண்டிவிட்டது, டிரைவர் பிழையை லாகில் அச்சிட்டுவிட்டு பஃபர்களை விடுவிக்கிறது. கார்டு கழற்றப்பட்டிருந்தால் ஆபத்தில்லை. ஆனால் கார்டு ஸ்லாட்டில் இருக்கிறது, நம் சொல்லுக்குத்தான் பதில் தரவில்லை என்றால்? வரும் பாக்கெட்டை அது பழைய முகவரியிலேயே எழுதிக்கொண்டிருக்கும். அந்த இடம் இப்போது வேறு யாருடையதோ. சிதைவு அரை மணி நேரம் கழித்து, ஃபைல் சிஸ்டத்தில், யாரும் டிரைவரோடு சேர்த்துப் பார்க்காத இடத்தில் தலைகாட்டும். சாதனங்கள் நினைவகத்தில் எந்த இடத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூ இருந்து, அந்த இடத்துக்கான மேப்பிங்கையும் நீக்கியிருந்தால் தப்பலாம். எல்லாக் கணினியிலும் அது இல்லை. டிரைவரை எழுதியவர், கார்டு தானே நினைவகத்தைத் தொட விடும் பஸ் மாஸ்டரிங்கை அணைத்தாரா, இல்லை பஃபரை விடுவிக்காமல் வைத்துக்கொண்டாரா என்று கேளுங்கள். இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஹேண்ட்லரிலும் இதே பார்வை வேண்டும். ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் சுழியம் ஆகும்வரை வேலையைத் தீர்த்துக்கொண்டே போகும் லூப் பல டிரைவர்களில் உண்டு. 32 பிட்டும் ஒன்றாக வந்தால் வேலை தீரவே தீராது.

கார்டு கையில் இருந்தால் காரணம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை உங்களுக்கு. 2008இல் 2.6.27 கெர்னலின் சோதனைப் பதிப்புகளை ஓட்டிய சிலருடைய இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் முடங்கிப்போயின. கார்டின் நிலை நினைவகத்தில் இருந்த தகவலே சிதைந்திருந்ததால் பழைய கெர்னலுக்குத் திரும்பியும் கார்டு எழவில்லை. சந்தேகம் இயல்பாகவே இ-1000-இ டிரைவர் மேல் விழுந்தது. காரணமோ கெர்னலின் ஃபங்ஷன்கள் ஓடுவதைத் தடம் பார்க்கும் எஃப்ட்ரேஸ் என்ற, நெட்வொர்க்குக்குத் துளியும் சம்பந்தமில்லாத பகுதி. ஒரே ஒருமுறை ஓடிவிட்டு நினைவகத்திலிருந்து நீங்கிவிடும் தொடக்க நிரலின் முகவரிகளை அது குறித்து வைத்திருந்தது. அந்த இடம் காலியானதும் அதே முகவரியில் கார்டின் ரெஜிஸ்டர்கள் வந்து அமர்ந்தன. எஃப்ட்ரேஸ் பழைய குறிப்பை நம்பி, எதிர்பார்த்தது அங்கே இருந்தால் மட்டும் மாற்று என்ற கட்டளையை ஓட்டியது. அந்தக் கட்டளை, மதிப்பு பொருந்தாவிட்டாலும் படித்ததையே திரும்ப எழுதும். சாதாரண நினைவகத்தில் அதனால் ஒன்றும் ஆகாது. ரெஜிஸ்டரில் எழுதினால் வன்பொருள் ஏதோ ஒன்றைச் செய்யும். கார்டு வைத்திருந்தவர்களுக்குத் தெரிந்தது கார்டு போய்விட்டது என்பது மட்டும்தான். கெர்னலின் மூல நிரலில் பாதிக்கும் மேல் டிரைவர்கள். அத்தனை கார்டுகளையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் படிப்பேன் என்றால் ஒருவரும் படிக்க முடியாது.

உங்கள் 14 பேட்ச்களையும் மறுபடி எடுங்கள். இந்தமுறை நல்லபடியாக நடக்கும் பாதையை விட்டுவிட்டு, தவறும் பாதையில் மட்டும் நடங்கள். கார்டைக் கண்டதும் அதைத் தயார்செய்யும் ப்ரோப் ஃபங்ஷனில் ஐந்தாவது படி தவறினால் முதல் நான்கும் தலைகீழ் வரிசையில் அவிழ்கின்றனவா? இன்டரப்ட்டைப் பதிவு செய்த மறுகணமே ஹேண்ட்லர் ஓடினால் அது தொடும் எல்லாம் தயாராக இருக்கிறதா? ரெஜிஸ்டரில் எழுதும் ரைட்எல் திரும்பிவிட்டது என்பதற்காக மதிப்பு கார்டைப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எங்காவது நம்பியிருக்கிறாரா? நடுவில் பிரிட்ஜில் அது தங்கியிருக்கலாம், சேர்ந்ததா என்று உறுதிசெய்ய அதே கார்டிலிருந்து ஒன்றைத் திரும்பப் படித்தாக வேண்டும். உங்களால் ஓட்டிப் பார்க்க முடியாததை அவரிடம் கேளுங்கள். டிராஃபிக் ஓடும்போது கெர்னல் தன் சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் வழியாக டிரைவரைக் கார்டிலிருந்து நூறு முறை பிரித்து (அன்பைண்ட்) மறுபடி இணைக்க (பைண்ட்) சொல்லுங்கள். அன்பைண்டில் கார்டு உயிரோடுதான் இருக்கும் என்பதால், ஹாட்பிளக் ஸ்லாட் இருந்தால் ஓடும்போதே கழற்றியும் பார்க்கச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் பேட்ச் மூன்றாவது முறை போனபோது அந்த மூத்தவர் ரிவ்யூட்-பை போட்டார். கூடவே வேறு எதுவும் எழுதவில்லை. அந்த ஒற்றை வரியை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த 14 பேட்ச்கள் இன்னும் கெர்னலில் மெர்ஜ் ஆகவில்லை என்றால் இன்றைக்கே எழுதுங்கள். ரீசெட் லூப்பை மேற்கோள் காட்டி, அதற்கு நேர் கீழே கேள்வியை வையுங்கள், மன்னிப்புக் கேட்கும் முன்னுரை வேண்டாம். உங்கள் ஏழெட்டுக் குறிப்புகள் அதற்குப் பிறகு வரட்டும். மெர்ஜ் ஆகிவிட்டது என்றால் நீங்களே ஒரு பேட்ச் அனுப்புங்கள், ஐந்தாறு வரிதான் மாறும். கார்டு அவரிடம் இருக்கிறது, டெஸ்டட்-பை அவர் போடட்டும்.