பழக்கமில்லாத ஹாப்ஸ் ரகத்தில் பேல் ஏல் காய்ச்சப் போகிறேன். தனியாகப் போடலாமா, தெரிந்த ரகத்தோடு கலந்துதான் போட வேண்டுமா?

கலக்காதீர்கள். தனியாகப் போடுங்கள். (புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஹாப்ஸ் என்பது பியருக்குக் கசப்பும் வாசனையும் கொடுக்கும் ஒரு கொடியின் பூ. பேல் ஏல் அந்த வாசனை தூக்கலாகத் தெரியும் பியர் வகை.)

உங்கள் கேள்வியைப் பார்த்தால் கேஸ்கேட், சிட்ரா என்ற ரகங்களைப் போட்டுக் கை பழகியவர் மாதிரித் தெரிகிறது. கடையில் புதுப் பெயரைப் பார்த்து ஒரு பாக்கெட் வாங்கியிருப்பீர்கள். இப்போது ஐந்து காலன் (19 லிட்டர்) பியரும் வீணாகிவிடுமோ என்று பயம். யாராவது ஒருவர் "பாதிக்குப் பாதி சிட்ரா சேர்த்துவிடு, தப்பாது" என்று சொல்லியும் இருப்பார். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இதற்கு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. நான் இருப்பது அமெரிக்காவில், சியாட்டில் பக்கம். இங்கே வீட்டில் பியர் காய்ச்சுவதை 1978-ல் வந்த சட்டம் அனுமதிக்கிறது. வயது வந்தவர்கள் இரண்டு பேர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் வரை காய்ச்சலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் இதைப் பார்த்து அடுப்பு மூட்ட வேண்டாம். அங்கே 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். "குடிக்கிறதுக்கு இவ்வளவு விளக்கமா" என்று பின்னூட்டம் போட வருபவர்களுக்கு: நான் வாரக் கடைசியில் ஒரு கிளாஸோடு நிறுத்துகிறவன். காய்ச்சுவதில் பெரும்பகுதி நண்பர்களுக்குத்தான் போகிறது. எனக்கு இதில் பிடித்தது காய்ச்சும் வேலை. தயிர் உறை குத்துவதை, இட்லி மாவு புளிப்பதைக் கவனித்து வளர்ந்த எவருக்கும் ஈஸ்ட் செய்கிற வேலை பிடித்துப் போவதில் ஆச்சரியம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேல் ஏல் என்றால் இப்படித்தான் மணக்க வேண்டும் என்று இன்று எல்லாரும் சொல்வது கிரேப்ஃப்ரூட் தோல் வாசனையை. அது கேஸ்கேட் கொடுத்தது. அந்தக் கேஸ்கேட் ஆரெகனில் அரசு வேளாண்துறையின் ஆராய்ச்சியில் உருவாகி 1972-ல்தான் வெளியே வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கர் என்ற பியர் ஆலைக்காரர்கள் 1975-ல் தங்கள் லிபர்ட்டி ஏலில் அதைப் போட்டார்கள். 1980-ல் சிக்கோ என்ற சின்ன ஊரில் சியரா நெவாடா ஆலை தன் பேல் ஏலைத் தொடங்கியபோதும் வாசனைக்கு நம்பியது இதே கேஸ்கேட்டைத்தான். அன்றைக்குப் பெரும்பாலான அமெரிக்கர்கள் குடித்துக்கொண்டிருந்தது வாசனையே இல்லாத லாகர் வகைப் பியர். அவர்கள் மூக்குக்குக் கேஸ்கேட்டும் புதுசுதானே? ஐரோப்பிய ரகம் எதையாவது சேர்த்து அந்த வாசனையை அடக்கியிருந்தால் இன்று நாம் பேல் ஏல் என்று சொல்கிற பியரே இருந்திருக்காது. புது ரகத்தைப் பார்த்ததும் அதை மறைக்க வழி தேடுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

என் கதை சாப்ரோ என்ற ரகத்தோடு. யாக்கிமாவில் உருவாக்கிய ரகம். எச்பிசி 438 என்ற எண்ணில் சோதனையில் இருந்துவிட்டு 2018-ல் பெயர் வாங்கியது. மற்ற ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஐரோப்பியப் பூர்வீகம் உண்டு. இதன் தாய்வழி நியோமெக்சிகானஸ், அதாவது அமெரிக்கத் தென்மேற்கு மலைகளில் தானாக வளர்கிற காட்டு ஹாப்ஸ். அதனால் இதன் வாசனையே வேறு.

யாக்கிமா எங்கள் வீட்டிலிருந்து மலையைத் தாண்டினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் போனால் அறுவடை. பதினெட்டு அடி உயரக் கம்பிப் பந்தல், அதிலிருந்து தொங்கும் கயிற்றில் கொடி ஏறி நிற்கும். உலர்களம் ஓடும் நாட்களில் கார் கண்ணாடியை இறக்கினால் போதும், ஊரே மணக்கும். அமெரிக்க ஹாப்ஸில் பெரும்பகுதி அந்த ஒரு பள்ளத்தாக்கில்தான் விளைகிறது. அங்கே போய்வந்த ஒரு சமயத்தில்தான் சாப்ரோ பாக்கெட் கைக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து பாக்கெட்டை வெட்டினேன். பெல்லட் (ஹாப்ஸை அரைத்து அழுத்திய சிறு துண்டு) ஒன்றிரண்டை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கினால் முதலில் காய்ந்த புல் மாதிரித் தூளாகும். இரண்டு கையையும் சேர்த்துச் சூடு வரத் தேய்க்க வேண்டும். பிசின் இளகி ரேகைக்குள் மஞ்சளாக ஒட்டும். அப்போதுதான் கையைக் குவித்து மோந்து பார்க்க வேண்டும். முதலில் ஆரஞ்சுத் தோல் வந்தது. அது அடங்கியதும் கீழேயிருந்து கொப்பரை. பச்சைத் தேங்காய் இல்லை, துருவிய தேங்காய் இல்லை, வெயிலில் நாலு நாள் கிடந்த கொப்பரை. எனக்குப் பொள்ளாச்சிப் பக்கம். களத்தில் கொப்பரை காயும்போது வீட்டுக்குள் வரும் வாசனை எனக்கு எந்த உறக்கத்திலும் தெரியும். அடுக்களையிலிருந்து என் மனைவி, "ஏனுங்க, தேங்காயெண்ணெ எங்காச்சும் கொட்டிப் போச்சுங்களா?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, கையை நீட்டினேன். அவளும் மோந்துவிட்டு, "புதினா கூட இருக்குதுங்க" என்றாள். அது எனக்குப் படவே இல்லை. அவள் சொன்ன பிறகுதான் பிடிபட்டது.

எங்கள் ஊர் ஹோம்ப்ரூ குழுவில் இதைச் சொன்னேன். அதில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர், "சாப்ரோவைத் தனியாகப் போட்டால் சன்ஸ்கிரீன் லோஷன் குடித்த மாதிரி இருக்கும், சிட்ராவை முக்கால் பங்கு போடு" என்றார். அவர் மூக்குக்குத் தேங்காய் என்றால் கடற்கரையில் பூசுகிற லோஷன்தான் நினைவுக்கு வருகிறது. அதில் அவர் தவறு ஏதுமில்லை. ஆனால் அவருடைய நினைவை வைத்து என் பியரை நான் ஏன் காய்ச்ச வேண்டும்? பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் வர்ணனைக்கும் இதே கதைதான். யாரோ நாலு பேர் தங்கள் மூக்கில் பட்டதை எழுதியிருக்கிறார்கள். அதை ஒரு தகவலாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல.

நான் காய்ச்சியதைச் சொல்கிறேன். 19 லிட்டருக்குச் சாதாரண டூ-ரோ பேல் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) நாலரைக் கிலோ, அவ்வளவுதான். கிரிஸ்டல் மால்ட் சேர்க்கவில்லை. அதன் கேரமல் இனிப்பு ஹாப்ஸின் மேல் போர்வை மாதிரி விழும். 66 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் மாஷ், அதாவது மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பது. கொதி தொடங்கியதும் கசப்புக்கு மேக்னம் என்ற ஹாப்ஸ் 16 கிராம். மேக்னத்தை ஏன் போட்டேன் என்றால் அதற்குச் சொந்தமாக வாசனை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கசப்பை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். இதைக் கலப்பு என்று யாரும் வாதாட வர வேண்டாம். ஒரு மணி நேரம் கொதித்த ஹாப்ஸில் வாசனை எண்ணெய் ஆவியாகிப் போய்விடும், மிஞ்சுவது கசப்பு மட்டும்தான். சாப்ரோவில் கசப்பைக் கொடுக்கும் ஆல்ஃபா அமிலம் 12-லிருந்து 16 சதவீதம் வரை இருக்கும். கசப்புக்கும் அது போதும்தான், ஆனால் அதையே கசப்புக்கும் போட்டால் கையில் இருக்கும் கொஞ்சத்தையும் கொதியில் எரித்த மாதிரி ஆகிவிடும்.

அடுப்பை அணைத்து வொர்ட் (நொதிக்காத மால்ட் சாறு) 77 டிகிரிக்கு இறங்கியதும் 40 கிராம் சாப்ரோ, இருபது நிமிடம் சுழற்றி அப்படியே விட்டேன். அந்தச் சூட்டில் கசப்பு அதிகம் இறங்காது, எண்ணெயும் ஓடிப்போகாது. யூஎஸ்-05 ஈஸ்ட் போட்டு 18 டிகிரியில் நொதிக்க விட்டேன். இதுவும் குறுக்கே பேசாத ஈஸ்ட். நொதிப்பு அடங்கியதும் 50 கிராம் ட்ரை ஹாப், அதாவது கொதிக்க வைக்காமல் பியரிலேயே ஊறப்போடுவது, மூன்று நாள். அதற்கு மேல் விட்டால் புல் வாசனை ஏறும்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பாக்கெட்டில் மணப்பதும் பியரில் மணப்பதும் ஒன்றல்ல. பாக்கெட்டில் முன்னால் வந்து நிற்கும் எண்ணெய்களில் மிர்சீன் முக்கியமானது. அதில் பெரும்பகுதி சூட்டில் பறந்துவிடும். பின்னால் இருக்கிற ஜெரானியால் மாதிரியான சிலதை ஈஸ்ட் எடுத்து வேறொன்றாக, எலுமிச்சைச் சாயலுள்ள சிட்ரோனெல்லாலாக மாற்றிவிடும். அதனால் கையில் தேய்த்துப் பார்த்ததை வைத்தே "இது வேண்டாம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிலர் ஹாப்ஸ் டீ போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அது பாதி உண்மைதான் சொல்லும், ஈஸ்ட்டின் கை அதில் படவில்லையே. அதைவிட, சப்பென்ற லைட் லாகர் பாட்டில் ஒன்றைத் திறந்து இரண்டு மூன்று பெல்லட் போட்டு, மறுபடி மூடி ஃப்ரிட்ஜில் சில நாள் வைத்துக் குடித்துப் பார்ப்பது மேல். ட்ரை ஹாப் எப்படி வரும் என்று ஓரளவுக்குப் பிடிபடும்.

என் பியரில் கொப்பரை இருந்தது, ஆனால் பாக்கெட்டில் இருந்த முரட்டுத்தனம் போயிருந்தது. ஆரஞ்சு முன்னுக்கு வந்து, கடைசி மடக்கில்தான் தேங்காய் மெல்லத் தலைகாட்டியது. நான் காய்ச்சியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த பேல் ஏல் அது. இதைச் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

அதை ஒரு போட்டிக்கு அனுப்பினேன். மதிப்பெண் தாளில் நடுவர் "தேங்காய் வாசனை இந்த வகைக்குப் பொருந்தாது, எசென்ஸ் சேர்த்தது போல் தெரிகிறது" என்று எழுதியிருந்தார். எந்த ஹாப்ஸ் என்று விண்ணப்பத்தில் எழுதித்தான் அனுப்பியிருந்தேன். பியர் போட்டி நடுவர்களுக்கான பிஜேசிபி வழிகாட்டியில் அமெரிக்கன் பேல் ஏல் பகுதியை எடுத்துப் படியுங்கள். அமெரிக்க ரகம், நியூ வேர்ல்ட் ரகம் எதுவானாலும் சரி, அதன் வாசனை பலவிதமாக இருக்கலாம் என்றுதான் இருக்கிறது. மதிப்பெண் குறைந்தது எனக்குப் பெரிதில்லை. செய்யாததைச் செய்ததாக எழுதியதுதான் வலித்தது.

நடுவர் வேலை கஷ்டம், ஒரு நாளில் எத்தனையோ பியரைச் சுவைக்க வேண்டியிருக்கும் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரியாத வாசனை வந்தால் "தெரியவில்லை" என்று எழுத ஒரு வரி போதுமே.

வாசனை என்றதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான் காய்ச்சுவது வீட்டுக்குப் பின்னால், கேஸ் அடுப்பில். வொர்ட் கொதிக்கும்போது வருவது ஏறக்குறைய வேகவைத்த சோளம், பிரெட் மாதிரியான வாசனை. ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். அதற்குக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து "விரும்பத்தகாத நாற்றம்" என்று கடிதம் வந்தது. இதே தெருவில் கோடை முழுக்க வாரம் தவறாமல் இறைச்சி சுடும் புகை எங்கள் துவைத்த துணியில் வந்து படிகிறது. அதற்கு யாருக்கும் கடிதம் போனதாகத் தெரியவில்லை. என் மனைவி கருவாடு வறுப்பதை எப்போதோ விட்டுவிட்டாள், யாரும் சொல்லாமலே. யாருடைய வாசனை நாற்றம், யாருடையது வாசனை என்று முடிவு செய்கிற உரிமை சிலருக்கு மட்டும் எப்படி வந்தது? கேள்விக்குத் தொடர்பில்லாததுதான். ஆனால் அந்த நடுவரின் தாளும் இந்தக் கடிதமும் என் மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் கிடந்தன.

உங்கள் பியருக்கு வருகிறேன். ஐந்து காலனும் போய்விடுமோ என்ற பயம்தான் கலக்கச் சொல்கிறது என்றால், கலக்காமலே அதற்கு வழி உண்டு. ஒரே வொர்ட்டைக் காய்ச்சுங்கள், மேக்னத்தை மட்டும் போட்டு. குளிர்ந்ததும் இரண்டு ஃபெர்மென்டரில் பிரித்து ஊற்றி ஒரே ஈஸ்ட்டைப் போடுங்கள். ஒன்றில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த கேஸ்கேட்டை ட்ரை ஹாப் போடுங்கள், இன்னொன்றில் புது ரகத்தை அதே எடையில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடிக்கும்போது புது ரகம் என்ன கொண்டுவந்தது என்பது தெளிவாகத் தெரியும். பாதி பியர் எப்படியும் உத்தரவாதம். கலந்து போட்டால் நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது, கெட்டுப்போனாலும் தெரியாது. அதற்கப்புறம் அடுத்த முறை கலக்க ஆசைப்பட்டால் தாராளமாகக் கலக்குங்கள். என் எதிர்ப்பு கலப்பின் மேல் இல்லை, அறிமுகம் ஆவதற்கு முன்பே கலப்பதன் மேல்தான்.

பாக்கெட்டில் அறுவடை ஆண்டும் ஆல்ஃபா சதவீதமும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு போடாத, பிளாஸ்டிக் உறையில் வெளிச்சம் பட்டுக் கிடந்த ஹாப்ஸை வைத்து ஒரு ரகத்தை எடை போடுவது அந்த ரகத்துக்குச் செய்கிற அநியாயம். நசுக்கினால் பழைய பாலாடைக்கட்டி வாடை வந்தால் அது ரகத்தின் குணம் இல்லை, ஹாப்ஸ் பழசாகிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, பாட்டிலில் அடைக்கப் போகிறீர்கள் என்றால் அவசரப்படாதீர்கள். ட்ரை ஹாப்ஸில் இருக்கும் நொதிகள் ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவைத்த டெக்ஸ்ட்ரினை (மாவுச்சத்தின் துண்டுகளை) அது தின்னக்கூடிய சர்க்கரையாக உடைக்கும், ஈஸ்ட் மறுபடி கிளம்பும். அந்த நேரத்தில் அடைத்தால் பாட்டில் வெடிக்கலாம். ட்ரை ஹாப் போட்ட பிறகு ஹைட்ரோமீட்டர் (பியரின் அடர்த்தியை அளக்கும் கருவி) மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டட்டும், அப்புறம் 19 லிட்டருக்குச் சுமார் 115 கிராம் கார்ன் சுகர் கரைத்து ஊற்றி அடையுங்கள். பாதி அளவுதான் என்றால் சர்க்கரையும் பாதி. மீதமுள்ள பெல்லட்டைக் காற்று நீக்கி ஒட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். எந்த ரகம் என்று நீங்கள் சொல்லவில்லை. பெயரைப் பின்னூட்டத்தில் எழுதினால் எந்தச் சூட்டில், எவ்வளவு போடலாம் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.