திண்டுக்கல் லினக்ஸ் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க

வணக்கம். விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ்; அதற்கான உங்கள் டெலிகிராம் குழுவில் நாற்பது பேர் இருந்தும் முதல் கூட்டத்துக்கு இரண்டு பேர்தான் வந்தார்கள், மண்டப வாடகை வேறு இடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மண்டபத்தை விட்டுவிடுங்கள். பத்து பேருக்கு ஒரு கல்லூரி ஆய்வகம் போதும். அதற்கு மாணவர்களை அனுப்பாமல் ஓர் ஆசிரியரைப் பிடியுங்கள். மாணவர்கள் கேட்டால் கடிதம், கையெழுத்து என்று இழுத்துக்கொண்டே போகும்.

தேதிக்கு வாக்கெடுப்பு வேண்டாம். மாதத்தில் ஒரே கிழமையை நிலையாக வையுங்கள், ஆள் வந்தாலும் வராவிட்டாலும்.

"லினக்ஸ் அறிமுகம்" என்று பேச்சு வைத்தால் ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான் வருவார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத மடிக்கணினிகள் வீட்டுக்கு வீடு கிடக்கின்றன. "பழைய லேப்டாப்பைக் கொண்டு வாருங்கள்" என்று போடுங்கள், கூட்டம் தானே வரும். 4 ஜிபி ராம் இருந்தால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு தாராளமாக ஓடும். முதலில் பென்டிரைவிலிருந்தே இயக்கி, வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கோப்புகளுக்கு நகலும், பிட்லாக்கர் (வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் அதன் மீட்புச் சாவியும் கையில் வந்த பிறகே நிறுவல். யாருடைய கல்யாணப் படமாவது அழிந்தால் குழுவின் பெயரும் சேர்ந்து போய்விடும்!

அப்புறம், வந்த அந்த இரண்டு பேரில் ஒருவரை அடுத்த கூட்டத்துக்குப் பொறுப்பாக்கிவிடுங்கள். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை, லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டாடும் மென்பொருள் விடுதலை நாள். பெரிய நிகழ்ச்சி ஏதாவது நடத்துவதென்றால் அதுவரை பொறுக்கலாம்.