நெதர்லாந்து தூதர் இல்லங்களில் இக்கால ஒளிப்படங்களை ஏன் மாட்டுகிறார்கள்?

தூதர் இல்லம் என்பது தூதர் குடும்பத்தோடு தங்கும் வீடு. விருந்துகளும் சந்திப்புகளும் அங்கேதான் நடக்கும். பிள்ளைகள் வாங்கிய கோப்பைகளை வருகிறவர் கண்ணில் படும்படி நம் வீட்டுக் கூடத்தில் அடுக்கி வைப்போமே, அதே எண்ணம்தான்: பேச்சு தொடங்கும் முன்பே நாங்கள் யார் என்று சொல்லிவிடுவது.

சரி, ஓவியர் ரெம்பிராண்ட் பிறந்த நாட்டுக்கு ஒளிப்படம் எதற்கு? 17ஆம் நூற்றாண்டு ஓவியங்களால் உலகம் அறிந்த நாடு அது. இன்றைய முகத்தைக் காட்ட இன்றைய கலை வேண்டும். நல்ல ஒளிப்படம் இரண்டையும் சேர்த்தே காட்டிவிடும். நெதர்லாந்து ஒளிப்படக் கலைஞர் ஹென்ட்ரிக் கெர்ஸ்டென்ஸ் 2007இல் தன் மகளை எடுத்த படத்தைப் பாருங்கள். இருண்ட பின்னணி, முகத்தில் மென்மையான ஒளி, தலையில் வெள்ளைக் குல்லாய். 17ஆம் நூற்றாண்டு ஓவியர் வெர்மீர் கால ஓவியம் என்றே தோன்றும். உற்றுப் பார்த்தால் அந்தக் குல்லாய், கடையில் தரும் பிளாஸ்டிக் பை! எனக்கு மிகவும் பிடித்த படம் இது. இப்படி ஒன்று சுவரில் இருந்தால் முன்பின் தெரியாத விருந்தினர்கள்கூடப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

இவையெல்லாம் தூதரின் சொந்தப் படங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நெதர்லாந்து வெளியுறவு அமைச்சகத்துக்கே தூதரகங்களுக்கான கலைச் சேகரிப்பு உண்டு, தூதர் மாறினாலும் அந்தப் படைப்புகள் அரசுடையவைதான்.