ஒற்றை விதைக் கிடாவைப் பொலிக்கு விடலாமா?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் கன்னி இன வெள்ளாடு இருபது உருப்படி வைத்திருக்கிறேன். நான்கு மாதக் கிடாக்குட்டி ஒன்று நல்ல உயரம், நல்ல நிறம். பொலிகிடாவாக, அதாவது பெட்டைகளைச் சினைப்படுத்தும் கிடாவாக, வளர்க்க நினைத்தேன். போன வாரம் பார்த்தால் பையில் ஒரு விதைதான் இருக்கிறது. போகப்போக இறங்குமா, ஊசி ஏதும் உண்டா? இதன் தகப்பனும் என் பட்டியில் பிறந்ததுதான். நான்கு வருடமாக அதையே விடுகிறேன். வீட்டு ராஜபாளையம் நாய்க்கும் ஐந்து மாதமாகிறது, ஒன்றுதான் தட்டுப்படுகிறது. கடைசியாக ஒன்று, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. என் மகள் வயிற்றுப் பேரனுக்கும் ஒரு பக்கம் இறங்கவில்லை என்று பிறந்தபோதே சொன்னார்கள். இப்போது எட்டு மாதம். தானாக இறங்கிவிடும் என்கிறார்கள் வீட்டில்.

பதில்: ஐயா, நீங்கள் கூச்சப்பட்டுக் கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். கிடா விஷயம் ஒரு மாதம் தள்ளினாலும் ஒன்றும் ஆகாது. பேரன் விஷயத்தைத் தள்ளக் கூடாது.

நான் கால்நடை மருத்துவன். குழந்தையைப் பார்க்க வேண்டியவர் குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர். ஆனால் அடிப்படை ஒன்றுதான். ஆடோ நாயோ மனிதனோ, கருவில் இருக்கும்போது விதைகள் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் உருவாகின்றன. அப்புறம் கயிறு மாதிரியான ஒரு நார் வழிகாட்ட, வயிற்றுக்குள்ளேயே கீழே வந்து, தொடை இடுக்கில் உள்ள சின்னப் பாதை வழியாகப் பைக்கு இறங்குகின்றன. மனிதக் குழந்தைக்கு இந்தப் பயணம் ஏழாம் மாதத்துக்கு மேல்தான் முடியும். அதனால்தான் குறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறங்காமல் பிறக்கிறார்கள். நிறைமாதத்தில் நூற்றுக்கு மூன்று பேர் வரைதான்.

வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. முதல் சில மாதங்களில் பலருக்குத் தானாக இறங்கிவிடும். ஆறு மாதம் தாண்டிவிட்டால் அது மிக அரிது. ஆறாவது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் சின்ன அறுவை சிகிச்சை செய்து கீழே இறக்கி வைப்பார்கள். உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கும் இடம் அந்தப் பை. மேலே சூட்டிலேயே கிடந்தால் பிற்காலத்தில் விந்தணு உண்டாக்க வேண்டிய செல்கள் கெட்டுப்போகின்றன, விதையில் புற்று வரும் வாய்ப்பும் கூடுகிறது. சீக்கிரம் இறக்கி வைத்தால் இரண்டு ஆபத்தும் குறையும். ஆகவே இந்த மாதமே கூட்டிக்கொண்டு போங்கள். அழும்போது தொடை இடுக்கில் வீக்கம் தெரிந்தாலோ, குழந்தை திடீரென வீறிட்டு அழுது வாந்தி எடுத்தாலோ அன்றைக்கே போக வேண்டும். உங்கள் மகள் செய்த எதனாலும் இது வரவில்லை. அதையும் வீட்டில் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் பழி எப்போதும் தாய் மேல்தான் விழுகிறது.

(இரண்டு பக்கமும் தட்டுப்படாத குழந்தையை ஒரு நாள்கூட வைத்துப் பார்க்கக் கூடாது. அது வேறு ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். பிறந்த உடனேயே பரிசோதிக்க வேண்டும்.)

சரி, கிடாவுக்கு வருவோம். வெள்ளாட்டுக் குட்டிக்கு இரண்டு விதையும் பிறக்கும்போதே பையில் இருக்க வேண்டும். நான்கு மாதமாகியும் இறங்காதது இனி இறங்கப்போவதில்லை. ஒரு தடவை மட்டும் சரிபாருங்கள்: பயந்தாலோ குளிர்ந்தாலோ குட்டி விதையை மேலே இழுத்துக்கொள்ளும். வெயில் ஏறிய பிறகு, ஒருவர் குட்டியை நிற்க வைத்துப் பிடிக்க, பின்னாலிருந்து இரண்டு கையாலும் தொடை இடுக்கிலிருந்து பையின் அடிவரை மெதுவாக நீவிக்கொண்டு வாருங்கள். நழுவிக் கீழே வந்தால் கவலை இல்லை. வராவிட்டால் அது உள்ளேதான் இருக்கிறது.

ஊசி போட வேண்டாம். ஒருவேளை ஊசியில் இறங்கினாலும் குறை ரத்தத்தில் அப்படியே இருக்கும், நீங்கள் அதை மறைத்ததுதான் மிச்சம். ஒற்றை விதை உள்ள கிடாவுக்குச் சினைப்பிடிக்க வைக்கும் திறன் பெரும்பாலும் இருக்கும். ஆபத்தே அதில்தான். நல்ல குட்டிகளாகப் போடும், அவற்றில் பலவற்றுக்கு இந்தக் குறை ஒளிந்திருக்கும். பெட்டைக் குட்டியில் வெளியே தெரிய வழியே இல்லை, ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கடத்தும். இப்படி ஒரு குட்டி பிறந்தால் தாய், தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடம் ஒரே கிடா என்றால் அது தன் மகள்களையே சினைப்படுத்தியிருக்கிறது. எனக்குக் குட்டியைவிட அதுதான் கவலை. தகப்பன் கிடாவை மாற்றுங்கள். அந்தத் தாயின் வேறு குட்டிகளையும் பொலிக்கு வைக்காதீர்கள். இனி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வெளியிலிருந்து கிடா வாங்குங்கள்.

குட்டியை உடனே பெட்டைகளிடமிருந்து பிரித்துக் கட்டுங்கள். நான்கைந்து மாதத்திலேயே ஏறும். காயடிப்பதாக இருந்தால் கீழே இருக்கும் ஒன்றை மட்டும் இடுக்கியால் நசுக்கி விட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் விதை சூட்டில் விந்தணு தராது, ஆனால் ஆண் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். வீச்சமும் முட்டும் குணமும் போகாது. ஆறேழு மாதத்தில் கறிக்கு விற்பதுதான் லாபம். கறியில் எந்தக் கெடுதலும் இல்லை. வாங்குபவரிடம் குறையைச் சொல்லி விற்றுவிடுங்கள், வேறொரு பட்டிக்குப் பொலிக்குப் போய்விடக் கூடாது.

இரண்டுமே இறங்காத கிடா இன்னும் ஏமாற்றும். சில வருடங்களுக்கு முன் ஒரு பண்ணையில், எந்தப் பெட்டையும் சினை நிற்கவில்லை, 21 நாளுக்கு ஒரு முறை திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருகிறது என்று கூப்பிட்டார்கள். தாது உப்பு, பூச்சி மருந்து எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். கிடா பக்கத்தில் நிற்க முடியாத வீச்சம், சுறுசுறுப்பாக ஏறுகிறது. பின்னால் போய்க் கையை வைத்தேன். சடை முடிக்குள் சுருங்கிய தோல் மட்டும்தான் இருந்தது. ஏழு மாதம் வீணாகிப் போனது அந்தக் குடும்பத்துக்கு.

நாய்க்கு இரண்டு மாதத்திலேயே இறங்கியிருக்க வேண்டும். ஆறு மாதம் வரை பாருங்கள், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இறங்காத விதையில் வயதான காலத்தில் கட்டி வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம், முறுக்கிக்கொள்ளவும் செய்யும். இரண்டு விதையையும் எடுத்துவிடச் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் அல்ல. ராஜபாளையம் நல்ல இனம், குட்டி எடுக்க ஆசை இருக்கும்; ஆனால் இந்த நாயிடம் எடுக்காதீர்கள்.

புதுக் கிடா வாங்கப் போகும்போது உயரத்தையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன் பையைத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக, தனித்தனியாக நழுவ வேண்டும். அமுக்கினால் கல்லாகவும் இருக்கக் கூடாது, கொழகொழவென்றும் இருக்கக் கூடாது. பையின் அடியில் இரண்டு பக்கமும் சின்ன முண்டு ஒன்று விரலில் தட்டுப்படும். விற்பவர் தொட விடவில்லை என்றால் அந்தக் கிடா வேண்டாம்.