ஊட்டி உறைபனியை நம்பி ஐஸ் ஹாக்கி நடத்தலாமா?

கேள்வி: கோத்தகிரியில் ரோலர் ஸ்கேட்டிங் கிளப் நடத்துகிறோம். வரும் ஜனவரியில், உறைபனி விழும் சமயத்தில், நான்கு நாட்டு அணிகளை அழைத்து ஊட்டியில் ஐஸ் ஹாக்கிப் போட்டி நடத்த ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் உறைபனியை மறந்துவிடுங்கள். ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தாவில் விடிகாலையில் புல்வெளி வெள்ளை வெளேரென்று கிடப்பது உண்மைதான். ஆனால் அது புல்நுனியில் படிந்த பனி. வெயில் ஏறினால் நிற்காது. ஆட்டத்துக்கு வேண்டியது சுமார் 3 செ.மீ. தடிமனில், மைனஸ் 5 டிகிரியை ஒட்டி இறுகிய தளம். அதுவும் 60 மீட்டர் நீளத்துக்கு, 26 முதல் 30 மீட்டர் அகலத்துக்கு. லடாக்கின் லே நகரில் ஜனவரி இரவுகள் மைனஸ் 10-க்கும் கீழே போவதால் குளமே ரிங்க், அதாவது ஆடும் பனித்தளம், ஆகிவிடுகிறது. ஊட்டியில் அதே மாதம் பகலில் 20 டிகிரி வரை ஏறும்.

ஆக, தரைக்கடியில் குளிர்க்குழாய், அதைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம், தலைக்கு மேல் கூரை, மின்சாரம் போனால் தாங்க ஜெனரேட்டர் எல்லாம் வேண்டும். மேகம் இறங்கும் ஊர் என்பதால் ஈரப்பதத்தை உறிஞ்சும் இயந்திரமும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ரிங்குக்குள்ளேயே மூடுபனி கட்டி, கோல்கீப்பருக்குப் பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு) கண்ணில் படாது.

கட்டிவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக உள்ளரங்க ரிங்க் கட்டினார்கள். அடுத்த ஆண்டே ஆசிய சாலஞ்ச் கோப்பை ஐஸ் ஹாக்கியும் அங்கே நடந்தது. அப்புறம் பராமரிப்புச் செலவு தாங்காமல் பல வருடம் பூட்டிக் கிடந்து, 2025-இல்தான் மறுபடி திறந்தார்கள். அரசுக்கே அந்தப் பாடு. மலைப்பகுதிக் கட்டட அனுமதியும் சேர்ந்தால் உங்கள் கிளப் தாங்காது. ஊட்டியில் ரிங்க் கட்டுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது அனுமதி. நாட்டின் பெயரில் அணி இறக்கும் உரிமை அந்தந்த நாட்டுச் சங்கத்துக்குத்தான். உதாரணமாக, நீங்கள் நேரே தாய்லாந்துக்கு எழுதிப் பயனில்லை. 1989 முதல் சர்வதேச ஐஸ் ஹாக்கிச் சம்மேளனத்தில் உறுப்பினராக இருக்கும் நம் நாட்டின் ஐஸ் ஹாக்கிச் சங்கம்தான் அழைக்க வேண்டும், சம்மேளனத்தின் ஒப்புதலையும் அதுவே வாங்க வேண்டும். அதன்பின் விளையாட்டு, உள்துறை, வெளியுறவு அமைச்சகங்களின் இசைவு, விசா. ஜனவரிக்குள் இதெல்லாம் முடியாது.

பின்னால் எங்காவது ஒரு ரிங்கில் நடத்துவதென்றாலும் கணக்கைப் பாருங்கள். நான்கு அணிகள் ஒன்றோடொன்று மோத 6 ஆட்டம். மூன்றாம் இடத்துக்கும் இறுதிக்குமாக இன்னும் 2. ஆட்டம் 20 நிமிடப் பகுதிகள் மூன்றுதான். ஆனால் ஒவ்வொரு இடைவேளையிலும் ஜாம்போனி வண்டி வந்து தளத்தைச் சீவித் தண்ணீர் பூச வேண்டும். ஆக ஓர் ஆட்டம் இரண்டரை மணி நேரத்தை விழுங்கும். பயிற்சிக்கும் ரிங்கை விட வேண்டுமே. நாளுக்கு இரண்டு ஆட்டம், நடுவில் ஒரு நாள் ஓய்வு, மொத்தம் ஐந்து நாள் என்று திட்டமிடுங்கள். ஆட்டத்துக்கு இரண்டு ரெஃப்ரி, இரண்டு லைன்ஸ்மேன் வேண்டும். பக்குகளை முதல் நாளே ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள், உறையாத பக் துள்ளும்.

புதியவர்கள் கோட்டை விடுவது மூட்டையில். ஆளுக்கொரு சாக்குப்பை அளவு பை, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த மட்டைகள். கோல்கீப்பர் என்றால் பேடு தனி. பயணிகள் பஸ்ஸின் டிக்கியில் அடங்காது. தனி லாரி பிடியுங்கள். ஆட்டம் முடிந்ததும் கையுறையும் மார்புக் கவசமும் வியர்வையில் ஊறியிருக்கும். குளிரூரில் அது தானாகக் காயாது. ஹீட்டர், ஃபேன், கம்பிக்கொடி போட்ட உலர்த்தும் அறை இல்லையென்றால் மறுநாள் காலை ஈரக் கவசத்தைத்தான் மாட்ட வேண்டும். அணி மேலாளர்கள் சாப்பாட்டைவிட இதற்குத்தான் சண்டைக்கு வருவார்கள்!

சரி, இப்போது என்ன செய்யலாம்? இந்த ஜனவரியில் உள்நாட்டுக் கிளப்புகளை அழைத்து, சக்கரத்தில் ஆடும் இன்லைன் ஹாக்கிப் போட்டி நடத்துங்கள். பொங்கல் விடுமுறையைத் தவிர்த்தால் ஊட்டியில் அறை கிடைக்கும். வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். நேரம் பார்க்க, கோல் குறிக்க, தவறு செய்த ஆட்டக்காரர் உட்காரும் தண்டனைப் பெட்டியைக் கவனிக்க உங்கள் பிள்ளைகள் அதில் பழகட்டும். அந்தப் போட்டியின் ஆவணங்களோடு தேசியச் சங்கத்துக்கு எழுதுங்கள்: டேராடூனிலோ லேயிலோ அடுத்த பன்னாட்டுப் போட்டி நடந்தால், ஏற்பாட்டுக் குழுவில் எங்களுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள் என்று.