கர்த்தருடைய வருகைக்கு ஆயத்தமாக வாழ்வது என்றால் அன்றாட வாழ்வில் என்ன பொருள்?

"கர்த்தராகிய இயேசு மீண்டும் வருவார், ஆயத்தமாயிருங்கள் என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம்பிக்கை பிறப்பதில்லை, பயமே வருகிறது, இது விசுவாசக் குறைவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயத்தோடு நானும் பல ஆண்டுகள் வாழ்ந்தவன் என்பதால், எனக்குத் தெரிந்த வழியில் பதில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். 1999ஆம் ஆண்டு நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கூட்டத்தில் பேசியவர், 2000 பிறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று அடித்துச் சொன்னார். அதன்பின் எனக்குப் பாடத்தில் மனம் செல்லவில்லை. பள்ளி விட்டு வரும்போது வீட்டில் ஆள் அரவம் இல்லாவிட்டால், அம்மா தோட்டத்துக்குப் போயிருப்பார் என்று நினைக்கத் தோன்றாது. கர்த்தர் வந்து எல்லோரையும் பரலோகத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டார், நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்றே நெஞ்சு பதறும். இரவில் தூக்கம் இல்லை. அதைத்தான் விழிப்பு என்று நான் நம்பியிருந்தேன்.

என்னை அதிலிருந்து மீட்டது ஒரு வாய்க்கால் காட்சி. எங்களுடையது கீழ்பவானிப் பாசனம். 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் அந்தக் கால்வாய் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் நனைக்கிறது. ஆனால் ஒவ்வொரு காட்டுக்கும், அதாவது வயலுக்கும், தண்ணீர் முறைப்படிதான் வரும், முறை பெரும்பாலும் நடுச்சாமத்தில்தான் அமையும். அப்பா பொழுதிருக்கவே வாய்க்காலில் புல்லையும் மண்ணையும் வாரி, உடைந்த வரப்பைக் கட்டி, ராந்தலுக்குச் சீமெண்ணெய் ஊற்றி, மம்முட்டியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, வரப்பின் மேல் துண்டை விரித்துப் படுத்துக் குறட்டை விடுவார். மேல்காட்டில் சித்தப்பா தம் முறையை முடித்து மடையைத் திருப்பிவிட்டு, "தண்ணி வருதுங்ணா" என்று குரல் கொடுத்ததும், அப்பா எழுந்து ராந்தலைத் தூண்டிவிட்டு நடப்பார்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில், மணவாளனை எதிர்கொள்ளத் தீவட்டிகளோடு போன பத்துக் கன்னிகைகளின் உவமையை அதற்குப் பிறகு படித்தபோதுதான், அதுவரை என் கண்ணில் படாத ஒன்று பட்டது: மணவாளன் வரத் தாமதித்தபோது பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள். புத்தியுள்ள ஐவரும் தூங்கினார்கள். ஆண்டவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வேறுபாடு எண்ணெயில் இருந்தது: புத்தியுள்ளவர்கள் தீவட்டிகளோடு எண்ணெயும் கொண்டுபோயிருந்தார்கள், மற்ற ஐவர் கொண்டுபோகவில்லை. வேலையை முன்கூட்டியே முடித்துவைத்தவர்கள் தூங்கலாம், குரல் கேட்டதும் எழுந்துகொள்ளலாம். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர வேறொருவரும் அறியார் என்று அவரே சொல்லியிருக்க, தேதி குறித்து ஒரு மாணவனின் ஓராண்டைக் கலைப்பது பெரும் பாவம் என்றே நான் கருதுகிறேன்.

பவுல் அப்போஸ்தலன் தெசலோனிக்கே சபைக்கு எழுதியதையும் ஒருமுறை அமைதியாகப் படியுங்கள். மரித்துப்போன தங்கள் சொந்தங்கள் அந்த நாளைக் காணாமற்போவார்களோ என்று கலங்கியவர்களுக்கு வருகையைப் பற்றி எழுதிவிட்டு, இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்றுதான் அவர் முடிக்கிறார். மிரட்டுங்கள் என்று எழுதவில்லை. அவர்களுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் (கடிதத்தில்), வேலை செய்யாமல் ஒழுங்கற்றுத் திரிந்தவர்களைச் சொந்த உழைப்பில் சாப்பிடும்படி கண்டிக்கிறார். யாக்கோபு தம் நிருபத்தில் வருகைக்குக் காத்திருப்பதற்குக் காட்டும் உதாரணமோ முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் குடியானவன். எங்கள் ஊரில் அதற்கு விளக்கவுரை தேவையில்லை.

ஆனால் எல்லாப் பயமும் வீண் என்றும் சொல்லமாட்டேன். அப்பா காலமான பிறகு, அரை மணி நேர முறைத் தண்ணீர்க் கணக்கில் எனக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சு நின்றது, மூன்று ஆண்டுகள். அவர் மடையைத் திருப்பிவிட்டுக் குரல் கொடுக்காமல் போய்விடுவார். நானும் அவர் வீட்டு வாசலைப் பாராமல் கடந்து போவேன். இருவரும் ஒரே ஆலயத்தில் திருவிருந்து வாங்கினோம். "அவர் வருமளவும்" என்று ஆராதனையில் வாசிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய பயம் திரும்பி வந்தது. ஒரு நாள் ஜெபத்தில் அதை உற்றுப் பார்த்தபோது, அது உலக முடிவைப் பற்றிய பயமே அல்ல என்று விளங்கியது: ஆண்டவர் இன்று வந்தால் அவர் முன்னிலையில் சித்தப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்பதே அதன் உள்ளடக்கம். உங்கள் பயத்தையும் இப்படிக் கேட்டுப் பாருங்கள். கொடுக்காத கூலியா, திருப்பாத கடனா, மன்னிக்காத ஒருவரா என்று அது பெயர் சொல்லிக் காட்டினால், அதுதான் நீங்கள் எண்ணெய் ஊற்ற வேண்டிய இடம். ஒன்றும் காட்டாமல் வெறுமனே நடுங்கவைத்தால், அது எங்கோ கேட்ட ஒரு பேச்சு விட்டுச்சென்ற காயம். அதை ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்குங்கள்.

காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனத்தைத் தட்டிக்கழிக்க முடியாமல், ஒரு சனிக்கிழமை இரவு அவர் வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் சொற்களைத் தேடிக்கொண்டு போனவனை, "வா கண்ணு, உக்காரு, காப்பி குடிச்சுட்டுப் பேசலாம்" என்று அவரே அழைத்து உட்காரவைத்தார். அந்த அரை மணி நேரக் கணக்கு இன்றுவரை முழுமையாகத் தீரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் எங்கள் முறை வரும் இரவுகளில் நான் வரப்பில் படுத்துத் தூங்குகிறேன். மேல்காட்டிலிருந்து சித்தப்பா, "தண்ணி வருது கண்ணு, எந்திரி" என்று குரல் கொடுக்கிறார்.